ஆந்தை மாமாவுக்குத் தெரியாத ஒன்பது பேர்

மாலை ஆறரைக்கு ஆந்தை கண்ணைத் திறக்கும். அதற்குள் ஸ்டூலக்கா, வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலியை மகளுக்கு இழுத்துப் போட்டு, பாட டேப்லெட்டைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, பின்னால் போய் நின்றுகொள்வார். பாரம் கொஞ்ச நேரம் இடது காலில், கொஞ்ச நேரம் வலது காலில். முதுகு சுவரில் படாது. பத்தொன்பது வருடம் துணிக்கடையில் நின்றவர்களின் நிலை அது. வீட்டில் யார் நிற்கச் சொன்னார்கள்?

"உக்காந்தாதான் தம்பி வலி தெரியுது. நின்னா பழகிப் போச்சு" என்பார்.

"வணக்கம் செல்லமே! இன்று எந்தக் காலத்துக்குப் பறக்கலாம்?" என்று கேட்கும் ஆந்தை. வட்டக் கண்ணாடி, நரைத்த மீசை, கழுத்தில் டை. வரலாற்று ஆப்பில் அதற்கு ஆந்தை மாமா என்று பெயர். அக்கா வைத்த பெயர் முழியான்.

மகள் படிக்கிற பள்ளியில் வரலாற்று ஆசிரியரை நிறுத்திவிட்டார்கள். அந்த வகுப்பு நேரத்தைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது. வரலாறு வீட்டுக்கு வந்துவிட்டது. பெற்றோர் தினமும் அரை மணி நேரம் ஆப்பை வைத்து நடத்த வேண்டும். முடிந்ததும் 'என் பிள்ளையோடு உட்கார்ந்து படித்தேன்' என்கிற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் வாரம் அக்கா அதை அழுத்தவே இல்லை. பள்ளியிலிருந்து போன் வந்தது.

"நான் நின்னுக்கிட்டுல்லங்க சொல்லிக் குடுத்தேன்? பொய்யை எப்படி அழுத்தறது?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அன்று முதல் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடம் முடிந்ததும் மகளை எழுப்பிவிட்டு, நாற்காலியின் நுனியில் ஒரு நொடி உட்கார்ந்து, பொத்தானை அழுத்திவிட்டு எழுந்துவிடுவார். கணவர் தூரதேச லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் ஆறு நாள்தான் வீட்டில். அவரும் இதைப் பார்த்துச் சிரிப்பார். அக்கா சிரிப்பதில்லை.

நான் எதிர் அறையில் குடியிருக்கிறேன். எங்கள் வம்சத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. எத்தனையோ ஆசிரியர்களைப் பார்த்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற இந்தத் துணிக்கடைக்காரி நடத்தியது போல் வரலாற்றை எனக்கு ஒருவரும் நடத்தியதில்லை.

ஆப்பில் கோட்டை கட்ட வேண்டுமென்றால் திரையை விரலால் தேய்த்தால் போதும். கல் மேல் கல் தானாக ஏறும். உச்சியில் கொடி முளைக்கும். அக்கா அங்கேயே நிறுத்திவிடுவார்.

"ஏன்டி, இந்தக் கல்லெல்லாம் கால் முளைச்சு நடந்து வந்துச்சா?"

"தூக்கிட்டு வந்திருப்பாங்க."

"யாரு?"

"யாரோ."

"அந்த யாரோவுக்கு மத்தியானம் சோறு யாரு போட்டா? எழுதி வை, முழியான்கிட்ட கேக்கலாம்."

முழியானிடம் கேட்க முடியாது. அது கேட்க மட்டும்தான் செய்யும். ஆனால் மகளின் நோட்டு நிறைய இப்படிப்பட்ட கேள்விகள்தான். கப்பல் பாடம் வந்தால் கடையிலிருந்து கொண்டுவந்த வெட்டுத்துண்டுகள் மேசைக்கு வரும். கண்ணை மூடச் சொல்லி, துணியை மகளின் விரலிடுக்கில் வைத்து, இது கையால் நெய்ததா மில்லில் நெய்ததா என்று தேய்த்தே சொல்லப் பழக்கியிருக்கிறார். "இதுக்காகத்தான்டி அவ்ளோ பெரிய கப்பல் வந்துச்சு" என்பார். மதில் ஒன்பது மீட்டர் என்று ஆந்தை சொன்னால் மீட்டர் கோலால் வராந்தா நெடுக அளந்து காட்டுவார். ஆப்பையும் அவர் ஒரேயடியாகத் திட்டமாட்டார். "மேப்பு நல்லா போட்டிருக்கான். ஆறு எல்லாம் அசையுது. மனுசங்கதான் இல்ல."

பன்னிரண்டாம் பாடத்தில்தான் வந்தது வினை. 'நம் காலத்துச் சட்டங்கள்.'

படம் இப்படி ஓடுகிறது. ஒரு துணிக்கடை. நின்றபடி ஒரு பெண் நெற்றியைத் துடைக்கிறாள். கோட்டுப் போட்ட அமைச்சர் ஒருவர் உள்ளே வருகிறார். அவளைப் பார்க்கிறார். அவர் கண்ணில் ஒரு சொட்டு, நீல நிறத்தில், உருண்டு விழுகிறது. விரலைச் சொடுக்குகிறார். கூரையிலிருந்து ஸ்டூல்கள் மழையாகக் கொட்டுகின்றன. பெண்கள் கைதட்டுகிறார்கள். பிறகு கேள்வி: கடை ஊழியர்கள் வேலையின்போது உட்காரும் உரிமை எதனால் கிடைத்தது? அமைச்சரின் கருணையால்; கடை முதலாளிகளின் பெருந்தன்மையால்; வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டதால்; இயந்திரங்கள் வந்ததால். நான்கில் ஒன்றைத் தொட வேண்டும்.

அக்கா நான்கையும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்.

"நாங்க எங்கடி?"

நாங்கள் என்றால் ஒன்பது பேர். பதினான்கு வருடத்துக்கு முன், நான்கு மாடித் துணிக்கடை ஒன்றில், காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றவர்கள். சுவரில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துப் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். வாடிக்கையாளரே இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார ஒன்றும் இருக்கவும் இருக்காது. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி மடித்த துணி அடுக்கின்மேல் அரை நிமிடம் உட்கார்ந்ததற்காக அவள் பெயரை மூன்று முறை வாசித்தார்கள். மறுநாள் தள்ளுபடி விற்பனை. கூட்டம் பிதுங்குகிற பதினொரு மணிக்கு, இரண்டாம் மாடியின் நட்ட நடுவில் ஒன்பது பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை. அட்டை இல்லை.

"மேனேஜர் முதல்ல சிரிச்சான் தம்பி. 'என்னம்மா, பிக்னிக்கா'ன்னான். நாங்க செருப்பைக் கழட்டி ஜோடி ஜோடியா ஓரமா வெச்சோம் பாரு, அப்பத்தான் அவனுக்கு வேர்த்துச்சு. செருப்பைக் கழட்டினவ சீக்கிரம் எந்திரிக்க மாட்டான்னு அவனுக்கே தெரிஞ்சுபோச்சு."

மாலைக்குள் ஒன்பது பேருக்கும் வேலை போனது. அடுத்த வாரம் எதிர்க்கடையில் உட்கார்ந்தார்கள். அப்புறம் பக்கத்து ஊரில். சட்டம் வர இரண்டு வருடம் ஆனது. அந்த நான்கு மாடிக் கடைக்கு ஸ்டூல் வந்தது. ஒன்பது பேரில் ஒருத்தியைக்கூட அந்தக் கடை திரும்ப எடுக்கவில்லை. தான் வாங்கிக்கொடுத்த ஸ்டூலில் அக்கா ஒருநாளும் உட்காரவில்லை. இப்போது இருப்பது சின்னக் கடை. அங்கே ஸ்டூல் பரண்மேல் இருக்கிறது. "இன்ஸ்பெக்டர் வந்தா இறங்கும். அவர் போனா ஏறிக்கும்."

இதையெல்லாம் ஒரு சொட்டு நீலக் கண்ணீரில் கழுவிவிட்டார்கள். எவனோ ஒருவன் குளிரூட்டிய அறையில், சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி, அந்த ஸ்டூல் மழையை வரைந்திருப்பான். அவனுக்குச் சம்பளம் கொடுத்திருப்பார்கள். நல்லா வந்திருக்கு என்று தோளில் தட்டியும் இருப்பார்கள்.

அக்கா 'பிழை தெரிவிக்க' என்கிற சிவப்புக் கொடியை அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்: நாங்கள் ஒன்பது பேர் உட்கார்ந்தோம். உடனே பதில் வந்தது: 'உங்கள் கருத்து எங்களுக்குப் பொக்கிஷம்!' கூடவே ஒரு பூங்கொத்து. பதினொரு நாள், தினம் ஒரு முறை அனுப்பினார். பதினொரு பூங்கொத்து வந்தது.

இதற்குள் மகளின் பள்ளிக் கெடு நெருங்கிவிட்டது. நகரின் மறுகோடியில் அறிவியல் கூடம் உள்ள பெரிய பள்ளிக்கு அடுத்த ஆண்டு போக வேண்டும் என்பது அவள் கனவு. எல்லாப் பாடத்திலும் 'நிறைவு' என்று வந்தால்தான் பள்ளி அவள் பெயரை அனுப்பும். வெள்ளிக்கிழமை கடைசி. வரலாறு மட்டும் பன்னிரண்டில் பூட்டிக் கிடந்தது. முதல் பதிலைத் தவிர வேறு எந்தப் பதிலைத் தொட்டாலும் ஆந்தை, "அச்சச்சோ! மீண்டும் முயல்வோமா?" என்றது.

"முதல் பதிலைத் தொட்டா முடிஞ்சதும்மா. ஆந்தை என்ன, நேர்ல வந்து கேக்கப் போகுதா?"

"தொட்டா நானே ஒத்துக்கிட்ட மாதிரிடி."

"உன்னையா கேக்குது? என் மார்க்கு அது!"

"கடைசில பச்சைப் பட்டனை யாரு அழுத்தறது? உங்கப்பனா? படித்தேன்னு நான்தானே சொல்லணும்?"

"உனக்கு உன் ஸ்டூலு பெருசு. என் ஸ்கூலு பெருசில்ல."

அக்காவின் இடது காலிலிருந்த பாரம் வலது காலுக்குப் போனது.

நான் உள்ளே நுழைந்தேன். ஒரு மதிப்பெண்ணில் ஒரு கல்லூரி இடம் தப்பியதும் இன்னொன்று கிடைத்ததும் எனக்குத்தானே தெரியும். "அக்கா, பரீட்சைன்னா அப்படித்தான். அவங்க கேக்கறதை எழுதிட்டு, நமக்குத் தெரிஞ்சதை நாம வெச்சுக்கணும்."

"அப்படித்தான் நீ பாஸானியா?"

"ஆமாக்கா."

"அதான் புக்குல பொய்யெல்லாம் இன்னும் அப்படியே கெடக்கு."

பட்டம் வாங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு அறை என் கன்னத்தில் விழுந்ததில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினார். "நீ டிகிரிக்காரன், கூட வா. எவனாவது இங்கிலீஷ்ல கொட்டினா நீ அள்ளு" என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

ஆப் பொறுப்பாளரின் அறை நன்றாகக் குளிர்ந்திருந்தது. அவருக்கு ஒரு சுழல் நாற்காலி. சுவரோரம் மூன்று பேர் உட்காரக்கூடிய சோபா. அதன்மேல் புது டேப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பெட்டிகளுக்கு உட்கார இடம் இருந்தது. எங்களுக்கு இல்லை. அக்கா, மகள், நான், மூவரும் மேசைக்கு முன் நின்றோம்.

அக்கா சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார் என்று சொல்ல முடியாது. நடுவில் இரண்டு தடவை போனைப் பார்த்தார்.

"அம்மா, இது கம்பெனி பண்ற கன்டென்ட். நாங்க கை வைக்க முடியாது. ஒரு தொடு தொட்டா முடியற விஷயத்தை ஏன் இவ்ளோ பெருசாக்கறீங்க?"

"சார், அஞ்சாவதா ஒரு பதில் எழுத இடம் இருக்கா?" என்று கேட்டாள் மகள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள் போல.

"நாலுதாம்மா. உங்கம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. நீ படிக்கிற பொண்ணு. இப்பவே, என் முன்னாடியே தொட்டுடு. சாயந்திரம் உன் பேரை அனுப்பிடறேன்."

டேப்பைத் திறந்து அவரே பன்னிரண்டாம் பாடத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். நீலக் கண்ணீர் உருண்டது. ஸ்டூல்கள் கொட்டின. மகளின் விரல் திரைக்கு மேலே போய் நின்றது.

அக்கா சோபாவைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். பிறகு அறையின் நட்ட நடுவில், அந்த வழவழத்த தரையில், முட்டி சொடக்குப் போடுகிற சத்தம் கேட்க, மெதுவாக உட்கார்ந்தார்.

"அம்மா! என்ன இது? எந்திரிங்க. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றார் பொறுப்பாளர்.

"பாக்கட்டும்."

"எந்திரிங்கம்மா, சேர் கொண்டுவரச் சொல்றேன்."

"நான் சேரு கேட்டு வரலீங்க." மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு வேணும்னா தொட்டுக்கோடி. அது உன் மார்க்கு, அம்மா கோவிச்சுக்க மாட்டேன். பச்சைப் பட்டனை மட்டும் என்கிட்ட நீட்டாதே."

மகள் விரலை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. பொறுப்பாளர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஆந்தை, "நேரம் ஓடுகிறது செல்லமே!" என்றது.

அக்கா குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றி, நுனியும் நுனியும் சேர ஜோடியாக ஓரத்தில் வைத்தார். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் விட்டுத் தள்ளி வைத்தார்.