குளிருதோ என்று கேட்டேன்

"உவளோ முள்ளந்தண்டிலை ஊசி போடப்போறவள்? கை நடுங்காதோ?"

நான் டொக்டராகி மயக்க மருந்துப் பிரிவில் சேர்ந்த அன்று பெரியப்பா கேட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். என் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. றெஜினாவின் முதுகில் குத்தியபோதும் நடுங்கவில்லை.

ஆனால் பிழை என்னுடையது. மருந்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. நான் பொய் சொன்னேன்... நீங்கள் அறியவேண்டியது அதுதான்.

றெஜினா கரையோரக் கிராமத்துப் பெண். கணவர் கடற்றொழிலாளி. முதற்பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்ததால் சிசேரியன். எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் அன்று மயக்க மருந்து கொடுக்க நான் ஒருத்திதான். வயிறும் காலும் விறைக்க முதுகில் ஊசி போட்டுப் படுக்கவைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அவள் வயிற்றில் வைத்தேன். விறைத்த இடத்தில் குளிர் தெரியக்கூடாது.

"குளிருதோ அக்கா?"

"ஓம் டொக்டர், குளிருது."

விறைக்கும்வரை நான் பொறுத்திருக்க வேண்டும். பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாகவே இருந்தது; அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் கையுறையோடு காத்துநின்ற சத்திரசிகிச்சை நிபுணர், "என்ன பிள்ளை, முதுகிலைதானே போட்டனீர்? மெத்தையிலை இல்லையே?" என்றார். தாதி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் பெரியப்பாவின் குரல் கேட்டது! எல்லோரும் என்னைச் சந்தேகிக்கிறார்கள்... அப்படியானால் நான் யாரைச் சந்தேகிப்பது? படுத்திருந்தவளைத்தான். பயத்தில் உளறுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"தொடங்கலாம், சேர்."

முதல் வெட்டிலேயே அலறினாள். "ஐயோ மாதாவே! வெட்டுறது தெரியுது!"

"வெட்டுறது இல்லை, இழுக்கிறதுதான் அக்கா அது" என்றேன். அப்போதும் நம்பவில்லை! அவள் மறுபடி அலறிய பிறகே முழுதாக மயக்கினேன். முழு மயக்கத்தில் மூச்சுக் கொடுக்கும் குழாயைத் தொண்டைக்குள் இறக்க முடியாமல் நான் பட்ட பாடு... அவள் உதடுகள் நீலமாகின. கடைசியில் குழாய் இறங்கியது. பிள்ளை அழுதது. தாயும் பிழைத்தாள்.

"என்ன நடந்தது?" என்று சத்திரசிகிச்சை நிபுணர் கேட்டார்.

"மருந்து சரியில்லைப் போல கிடக்கு, சேர்."

நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு. வந்து சேர்ந்த மருந்தையெல்லாம் ஐயத்தோடு பார்த்த காலம். ஒருவர்கூட மறுகேள்வி கேட்கவில்லை! அந்த ஊசிமருந்துப் பெட்டியை ஒதுக்கிவைத்தார்கள். வேறு மருந்து வரும்வரை சிசேரியன் செய்யவேண்டிய தாய்மாரை அம்புலன்ஸில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஏறுவதை வாசலில் நின்று பார்த்தேன். வாய் திறந்தேனா? இல்லை.

இப்போது றெஜினா மீண்டும் பிள்ளைத்தாய்ச்சியாக வந்திருக்கிறாள். இம்முறையும் சிசேரியன்தான். "உந்தப் பழுதான ஊசி எனக்கு வேண்டாம். முழுசா மயக்கிவிடுங்கோ" என்கிறாள். மறுபடியும் அந்தக் குழாய் இறங்க மறுத்தால்? என் பொய்யை நம்பி அவள் தன் உயிரையே பணயம் வைக்கிறாள்!

இன்று காலை கிளினிக்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து உண்மையைச் சொன்னேன்.

"இவ்வளவு காலமும் சொல்லாததை இப்ப ஏன் சொல்லுறியள்? திரும்பவும் அந்த ஊசியைப் போடவோ?"

"இல்லை அக்கா, இது உண்மை."

"நான் குளிருது எண்டு சொன்னதும் உண்மைதானே, டொக்டர்."

அன்று அவளை நம்பாத நான், இன்று என்னை நம்பு என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? முதுகு ஊசிக்கு அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கு மேலதிகாரியான மயக்க மருந்து நிபுணர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒருநாள்தான் வருவார். இன்று அந்த நாள். நேரே அவருடைய அறைக்குப் போனேன். "றெஜினாவுக்குப் போட்ட அந்தப் பெட்டி மருந்திலை பிழை இல்லை, சேர். நான் பொய் சொன்னனான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கதவைச் சாத்திப்போட்டு வந்து இரும்."

சாத்தினேன்.