மேலே இருப்பது பிந்தியது

என் அண்ணனுக்கு அகழாய்வுக் குழியில் வேலை. சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, என்றோ புதைந்த வீடுகளை வெளியே கொண்டுவருவான். ஊர் ஊராய்ப் போனால் மாதக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. "செத்தவங்க வீட்டையெல்லாம் பெருக்கிட்டு வர்றார், நம்ம வீட்டுத் துடைப்பத்தை ஒரு நாள் தொட்டிருப்பாரா, கேளு!" என்பாள் அண்ணி. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அண்ணி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அன்று காலை அவன் வெளியூருக்குக் கிளம்பும்போது இருவருக்கும் சண்டை. தோளில் கிடந்த துண்டை அடுப்பு மேடையில் விட்டெறிந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனான். பாதி வழியில் போன் வந்தது. சமையலறையில் விழுந்து கிடந்தவளைப் பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பலனில்லை.

எல்லாம் முடிந்த அன்றே சமையலறையைப் பூட்டிவிட்டான். கூடத்தில் ஸ்டவ் வைத்து எதையோ பொங்கித் தின்றான். கேட்டால், "எதையும் இடம் மாத்தக் கூடாது" என்று குழியில் சொல்வதையே சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் சாவியைப் பிடுங்கிவிட்டேன்.

"இது வீடா, உன் குழியா?"

"என் மேல கோபத்தோடயே போயிட்டாம்மா அவ. உள்ள போனா அந்த மூஞ்சியைத்தான் பார்க்கணும்."

"பார்த்தா பார்த்துட்டுப் போ!" என்று கதவைத் திறந்தேன். எங்கும் தூசி. மேடையை ஒதுக்கப் போன என் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"தொடாதே."

குனிந்து, மேடைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தான். அவன் எறிந்த துண்டு சுருண்டபடியே கிடந்தது. அதன்மேல் அவனுடைய டிபன் பாக்ஸ். அதற்கும் மேல், வெளியே போகும்போது மட்டும் அண்ணி எடுக்கும் சின்னப் பர்ஸ்.

"துண்டு அடியில இருக்கு" என்றான். "மேல இருக்கறது பிந்தினது. நான் போனதுக்கு அப்புறம் எனக்குச் சாப்பாடு கட்டி வெச்சிருக்கா."

"பர்ஸைப் பாரு அண்ணா. பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவரக் கிளம்பியிருக்கா. அவளுக்குக் கோபமே இல்ல!"

இனியாவது நிம்மதியாக இருப்பான் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அன்னிக்குப் பஸ் லேட்டாத்தான் கிளம்புச்சு. அவ்வளவு நேரமும் நான் அங்கதான்டி உக்காந்திருந்தேன்."