அசைவூட்டக் கூடம்

பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும். அதன் முன்னால் நின்று எடுத்த புகைப்படம் வேண்டும். வாடகை வீட்டின் சொந்தக்காரரிடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். நாட்டின் டிஜிட்டல் படைப்புத் தொழிலை வளர்ப்பதற்காக அரசாங்கம் என்னிடம் கேட்டவற்றில் இந்த மூன்றைத்தான் சுலபமானவை என்று நினைத்தேன். மற்றதெல்லாம் தலைவலி. ‘உங்கள் உள்ளடக்கத்தின் உலகளாவிய வீச்சை ஐந்நூறு சொற்களில் விளக்குக’ என்று ஒரு கேள்வி. அடி அண்ணாமலையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு கோழியை நடக்கவைத்துக்கொண்டிருப்பவளுக்கு உலகம் என்பது செங்கம் ரோடு வரைக்கும்தான். இருந்தாலும் ஐந்நூறு சொல் எழுதினேன். அதில் நானூறு பொய்.

கோழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷம் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குக் கூலி வேலை பார்த்தேன். அதில் நான்கு வருஷம் ஒரு முயலின் காது மட்டும். இடது காது நான், வலது காது இன்னொருத்தி. அவளுக்கு என் காதைப் பிடிக்காது, எனக்கு அவள் காதைப் பிடிக்காது. எனக்கென்று ஒரு கதை மனதில் கிடந்தது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் மலையைச் சுற்றிவரும் ஒரு கோழி. ஏழு நிமிஷப் படம். ஒருநாள் மேலாளரோடு பெரிய சண்டை போட்டு, வேலையை விட்டுவிட்டு, ஊருக்கு வந்து அதைச் செய்யத் தொடங்கினேன். பாதிப் படத்தில் கையிருப்பு கரைந்த நேரத்தில்தான் இந்த அரசாங்க நிதியுதவித் திட்டம் வந்தது. கிடைத்தால் படம் முடியும். கிடைக்காவிட்டால் மறுபடியும் முயல் காது.

எங்கள் வீட்டுக்காரர் தமிழ்ச் சமணர். கீழ்வீட்டில் தனியாக இருந்தார். தெருவே அவரை நயினார் என்றுதான் கூப்பிடும். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை உள்ளே போகாது. உருளைக்கிழங்கு கிடையாது, வெங்காயம் கிடையாது. அறையை வாடகைக்குக் கேட்டபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “மேல அசைவம் பொழங்க மாட்டியேம்மா?” மாட்டேன் என்றேன். அது உண்மை. பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் சாப்பிடும் முட்டை பஃப்ஸ் மேலே வந்ததில்லை.

இப்போது பலகை. ‘அனிமேஷன் ஸ்டூடியோ’ என்று தமிழ் எழுத்தில் போட்டால் போதாதா என்று திட்டத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். ஒரு பெண் அன்பாகப் பேசினாள். “தமிழ் வார்த்தையாவே போட்டுடுங்க மேடம். கமிட்டிக்குப் புடிக்கும்.” திட்ட விதிகளின் தமிழ்ப் பிரதியைப் புரட்டினேன். அனிமேஷனுக்கு ‘அசைவூட்டம்’ என்று இருந்தது. அசையாத படத்துக்கு அசைவை ஊட்டுவது. நல்ல சொல்தான். யார் கண்டுபிடித்தாரோ, அவர் அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

‘அசைவூட்டக் கூடம்’ என்று பெரிய எழுத்தில் ஃப்ளெக்ஸ் அடித்தேன். கீழே வெறுமையாக இருந்ததால் என் கோழியின் படத்தையும் போட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும் கோழி. தமிழ்நாட்டில் சிரிக்கும் கோழியின் படம் போட்ட பலகைக்குப் பின்னால் என்ன விற்பார்கள் என்பது பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. கிரிவலப் பாதையைப் பார்த்த மாடிச் சுவரில், நயினார் தன் கிராமத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்த வாரத்தில், அதை மாட்டினேன். முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அதில் கோழியைப் போலவே நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நயினார் திரும்பிவந்தார். வழக்கமாக மாடிப்படியின் கீழே நின்று “சாப்ட்டியாம்மா?” என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரல் நின்றுபோனது. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். போய் விசாரித்திருக்க வேண்டும். கோழியின் நடை சரியாக வராத கோபத்தில் இருந்தேன், போகவில்லை. அந்தத் திங்கட்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒரு கவரோடு அவர் வேங்கிக்கால் பக்கம் பஸ் ஏறியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறார் பாவம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலையில் ஒருவர் படியேறி வந்தார். பேன்ட், சட்டை, கையில் ஃபைல். “இன்ஸ்பெக்‌ஷன்” என்றார். திட்டத்தின் கமிட்டி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது என்று எனக்கு வியர்த்துவிட்டது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கோழி எங்கருந்து வருது?”

“எங்கருந்தும் வரல சார். எல்லாம் நானே பண்றதுதான்.”

“நீங்களேவா? எப்படிப் பண்ணுவீங்க?”

நன்றாகப் பதில் சொன்னால் மதிப்பெண் கூடும் என்று விளக்கமாகவே சொன்னேன். “மொதல்ல எலும்பு போடுவேன் சார். அது சரியா நின்னுடுச்சின்னா மேல தோலு. இறகு கடைசில.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “ஒரு கோழிக்கு எவ்ளோ நேரமாவும்?”

“மூணு மாசம் சார்.”

“மூணு மாசமா? கெட்டுப்போவாதா?”

“போயிருக்கு சார். ரெண்டு தடவ மொத்தமா போயிடுச்சி. அழுதுட்டேன். இப்ப ஜாக்கிரதையா ஹார்ட் டிஸ்க்குல வெச்சிருக்கேன்.”

மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவர் உணவுப் பாதுகாப்பு அதிகாரி. தாள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் நயினார் கொடுத்த மனு. அழகான கையெழுத்து. கிரிவலப் பாதையில், தம்முடைய வீட்டு மாடியில், தமக்குத் தெரியாமல் அசைவ ஊட்டக் கூடம் நடப்பதாகவும், மேலிருந்து கோழி கத்தும் சத்தம் கேட்பதாகவும், ‘கத்திக்கொண்டிருக்கும்போதே அச்சத்தம் சட்டென்று நின்றுவிடுவதாகவும்’, அதற்குமேல் எழுத மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தார். நான் சந்தையில் பதிவுசெய்துவந்த கோழிச் சத்தத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

கம்ப்யூட்டரில் கோழியை நடக்கவிட்டுக் காட்டினேன். அதிகாரி சிரித்துச் சிரித்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே என்னைக் கீழே அழைத்துப்போய் நயினாரிடம் விளக்கினார். “அது வெறும் படம் பெரியவரே. கோழியும் இல்ல, கறியும் இல்ல.” நயினார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி போனபின் தடையில்லாச் சான்றைக் கையெழுத்துக்கு நீட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அதைத் திட்டத்தின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் விண்ணப்பம் தானாகவே ரத்து.

“பலகைய எறக்கிட்டு வேற எடம் பாத்துக்கோம்மா” என்றார். “தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப இல்லன்னு எப்படிச் சொல்றது?”

எனக்கு வந்ததே கோபம். “நீங்க படிக்கத் தெரியாம படிச்சதுக்கு நான் வீட்ட காலி பண்ணணுமா? ஒரு வார்த்த மேல வந்து கேட்டிருந்தா என்ன?” என்று கத்தினேன். “மேல வரப் பயமா இருந்திச்சிம்மா” என்றார். அதற்குமேல் கத்த முடியவில்லை. மேலே வந்து உட்கார்ந்தேன். அவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வெட்கமாக இருந்தது. ஒரு சொல்லுக்காகப் படம் போய்விட்டதே என்று அழுகையும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நயினார் நிலைப்படிக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்தார். அடுப்பு எங்கே என்று தேடுகிறார் என்பது புரிந்தது. டீ போடும் கெட்டிலைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. அது நிச்சயமான பிறகு உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் படத்தை ஓடவிட்டேன்.

கோழி கூட்டத்தில் நுழைந்தது. சுற்றிலும் ஆயிரம் கால்கள். ஒரு கால் அதை மிதிக்கப்பார்த்தபோது நயினார் தன் காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். கோழி ஓடியது, ஒதுங்கியது, ஒரு சாமியாரின் தூக்குவாளிக்குள் தலையை விட்டது. அவர் உதட்டில் சிரிப்பு வந்தது. கடைசியில் கோழி சாலையைக் கடக்க இறங்கியது. எதிரில் பஸ். திரை வெள்ளையாகிவிட்டது.

“அப்புறம்?”

“அவ்ளோதான் நயினார். மீதி இன்னும் வரையல.”

“பஸ்ஸு வருதே!”

“ஆமா.”

“பொழச்சிக்குமாம்மா?”

அரசாங்கத்துக்கு அனுப்பிய திரைக்கதையில் அது பிழைக்கவில்லை. பஸ் அதன்மேல் ஏறி, ஒற்றை இறகு மட்டும் மலையைப் பார்த்துப் பறக்கும். கமிட்டியே அழவேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதிய முடிவு. எனக்கு அதில் பெருமைகூட உண்டு. ஆனால் பதினைந்து வருஷமாக நான் எத்தனையோ பிராணிகளை வரைந்திருக்கிறேன்; ஒன்றைப் பற்றிக்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“பொழச்சிக்கும்” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

பேனா கேட்டார். சான்றை இரண்டு தடவை படித்தார், இந்த முறை எழுத்துக்கூட்டி. பிறகு கையெழுத்துப் போட்டார்.

உண்மையான கமிட்டி அடுத்த மாதம் வந்தது. மூன்று பேர். தலைவி கண்ணாடி போட்ட கறாரான அம்மாள். திரைக்கதையையும் நான் மாற்றி வரைந்த கடைசிக் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“சமர்ப்பிச்ச கதையில கோழி செத்துடுது. இதுல ரோட்டத் தாண்டிடுது. மாத்துனதுக்குக் காரணம் எழுதணும்” என்று ஒரு படிவத்தைத் தள்ளினார்.

கலைத்தேவை, பார்வையாளர் ஈர்ப்பு என்றெல்லாம் எழுதத் தெரியாதவள் இல்லை நான். ஐந்நூறு சொல்லில் நானூறு பொய் எழுதியவள். அந்தக் கட்டத்தில் மட்டும் கை பொய்க்குப் போகவில்லை. ‘வீட்டுக்காரருக்குச் சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன்’ என்று எழுதினேன்.

தலைவி படித்துவிட்டு நிமிர்ந்தார். “பழைய முடிவுக்குத்தான் மார்க் ஜாஸ்தி போட்டிருக்கோம். மாத்தக் கூடாதுன்னு நாங்க சொன்னா?”

“அப்ப உதவி வேணாங்க மேடம். கோழி இருக்கட்டும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. முயலின் இடது காது கண்முன்னால் வந்து நின்றது. அந்த அம்மாள் பேனாவைத் திறந்து, என் வரிக்குக் கீழே ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஏதோ யோசித்து, முத்திரை வைப்பதற்குமுன் பக்கத்தில் இன்னும் இரண்டு சொல் சேர்த்தார்: ‘கோழி உயிருடன்.’