அழித்த ஜூன் ஒன்று

எங்கள் வம்சாவளியை ஏற்றிவைத்திருக்கும் செயலியில், என்னையும் சேர்த்துப் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று. பாகூர்ப் பக்கம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, வயது நிரம்பட்டும் என்று வாத்தியார் போட்டுவிடும் தேதி அது.

இன்று அத்தனையையும் ஒரே தட்டில் 'தேதி தெரியாது' என்று மாற்றிவிட்டு, அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

அம்மா போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாடா, உங்க அண்ணன் தேதியையும் அழிச்சிட்டியா?"

"எல்லாம் வாத்தியார் போட்டதுதானேம்மா."

"மூணு வயசுல செத்தவன் எங்கடா பள்ளிக்கூடம் போனான்? அவன் நெசமாவே அன்னிக்கித்தான் பொறந்தான்."

அவனுடையதை மட்டும் திரும்பப் போட்டேன். 'இது நிச்சயமான தேதியா?' என்று செயலி கேட்டது.

எங்கள் குடும்பத்து ஜூன் ஒன்றுகளிலேயே நிச்சயமானது அது ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு ஜூன் ஒன்று?