ஞாயிற்றுக்கிழமை ஊசி

தொண்ணூறுகளின் நடுவில் மேடவாக்கத்தில் அடுக்குமாடிகள் முளைக்கத் தொடங்கின. பள்ளி விட்டதும் வெளியூர்க் கட்டட வேலையாட்களின் கொட்டகைகளுக்குப் போய் எய்ட்ஸ் பற்றிப் பேசுவேன். டீச்சர் வாயில் ஆணுறை என்ற வார்த்தை வரலாமா என்று சக ஆசிரியைகள் முகம் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கே விழுப்புரம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர். புதிதாகக் கல்யாணமானவர், மனைவி ஊரில். நான் பேசும்போது மற்றவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள், இவர் மட்டும் சிரிக்க மாட்டார். ஒருநாள் ஓரமாக வந்தார்.

"கூட்டாளிங்களோட தப்பான எடத்துக்குப் போயிட்டேன் டீச்சர். ஆடி கழிச்சு அவள இங்க இட்டுக்கினு வரப்போறேன். அவளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

ஆணுறை கொடுத்து, முதலில் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். பவ்யமாகத் தலையாட்டினார். ஒருத்தர் காதிலாவது ஏறியதே என்று எனக்குப் பெருமை வேறு.

ஆவணியில் போனபோது அவர் மனைவி வந்திருந்தாள். சின்னப் பெண். கழுத்தில் மஞ்சள் மங்காத தாலிக்கயிறு, தலையில் செங்கல்.

"டெஸ்ட் பண்ணியாச்சா?" என்றேன்.

"அது எதுக்கு டீச்சர்? அதான் ஊசி போட்டுக்கினேனே."

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு கம்பவுண்டர் தானே டாக்டராகிக் கடை விரித்திருந்தார். அவரிடம் ஓர் ஊசி போட்டுக்கொண்டால் எந்த நோயும் அண்டாதாம். ஞாயிறு காலையில் கொட்டகையே அங்கே வரிசையில் நிற்குமாம்.

"ஊசிய மாத்துவாரா?"

"எதுக்கு மாத்தணும்? பஞ்சுல தொடச்சிட்டு அடுத்த ஆளுக்குப் போடுவாரு. நல்ல கை, வலியே தெரியாது."

குத்தினால்தான் வைத்தியம் என்று நினைக்கிற நம் ஜனங்களின் புத்தியை என்னவென்று சொல்வது. ஆத்திரத்தில் கத்திவிட்டேன். ஒரே ஊசியை எல்லோருக்கும் போட்டால் ஒருத்தர் ரத்தத்தில் இருக்கும் கிருமி அடுத்தவருக்கு ஏறிவிடும், இனி அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. செங்கல்லை இறக்கிக்கொண்டிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"போன வாரம் அவளுக்கும் போட்டுட்டேன் டீச்சர். எந்த நோயும் வரக் கூடாதுன்னுதான்."

அவர் போய் அவளிடமிருந்து மீதிச் செங்கல்லை வாங்கி இறக்கிவிட்டு வந்தார்.

"ஆம்பளைங்க கூட்டத்துல இடிபடக் கூடாதுன்னு, எல்லாரும் போட்டுக்கினு போன அப்புறம், கடைசி ஆளா உக்கார வெச்சேன்."