உப்பு மடித்த தாள்

நேற்று கடையில் வெல்லத்தைப் பழைய தாளில் மடித்துக் கொடுத்தார்கள். அந்த வாசனையோடு ஜமுனாமரத்தூர்ச் சந்தையின் பழைய கொட்டகையும் அப்பாவும் நினைவுக்கு வந்துவிட்டார்கள். கொட்டகை இப்போது இல்லை.

அப்பா படித்தது இரண்டாம் வகுப்பு. பொட்டலத் தாளையெல்லாம் நீவி, அடுப்பு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பார். நானும் அவர் தோளில் சாய்ந்து படிப்பேன். ஒருமுறை, கதையில் ஒரு பெண் கிணற்றில் விழுந்ததும் தாள் முடிந்துவிட்டது. அந்த வாரம் எங்கள் இருவருக்கும் களி இறங்கவில்லை.

அடுத்த சந்தையில் அப்பா கடைக்காரரிடம் தாளைக் காட்டிக் கதையின் மீதியைக் கேட்டார்.

"இப்பத்தான் அந்தம்மாவுக்கு உப்பு மடிச்சேன்" என்றார் அவர்.

அப்பா அவள் பின்னால் ஓடித் தோள் துண்டை விரித்தார். "உப்ப இதுல கொட்டிக்கம்மா. துண்ட நீயே வச்சிக்க. தாள மட்டும் குடு."

"இன்னாண்ணா, உப்ப வுட்டுட்டுத் தாளத் துன்னப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

துண்டு எங்கே என்று அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அப்பா தாளை விரித்துச் சத்தமாகப் படித்தார். அந்தப் பெண் கயிற்றைப் பிடித்து ஏறி வந்துவிட்டாள்!

"இன்னொரு தபா படி" என்றாள் அம்மா.

அப்பா தாளை என்னிடம் நீட்டினார். எங்கும் தடுமாறாமல் கடைசி வரி வரை படித்தேன்.