துணைக்கு ஒரு பொம்பளை

அந்த மாணவியை மலைக்குக் கூட்டிவர வேண்டுமென்றால் துணைக்கு ஒரு பொம்பளை இருந்தாக வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்களாம். அந்தப் பொம்பளை நான்.

எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் ஆயா வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள். விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போன பின் போர்வைகளை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தபோது சிஸ்டர் கூப்பிட்டார். வடகவுஞ்சியில் காலேஜ் பிள்ளைகளுக்கு முகாம், பூமிக்கு அடியில் சூடு எங்கே இருக்கிறது என்று தேடிப் பழகுகிறார்கள், நீ போய்வா என்றார். சூடு இருக்கிற இடத்தைத் தோண்டினால் வெடித்துவிடாதா என்று கேட்டேன்.

"வெடிக்காது. சமைச்சுப் போடு. அந்தப் பொண்ணு பக்கத்துல படுத்துக்க. அவ்வளவுதான் ஒன் சோலி."

நான் பயந்தவள்தான். மேகம் இறங்கினால் பிள்ளைகளை எண்ணுவேன், எண்ணி முடித்ததும் சந்தேகம் வந்து மறுபடி எண்ணுவேன். பஸ் வளைவில் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வேன். இது ஊருக்கே தெரியும். வடகவுஞ்சிக்கு ஜீப்பில் போய் இறங்கியபோது, பள்ளத்தைப் பார்க்கக் கூடாதென்று சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கினேன். பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் காவல் வந்தவள் என்று அன்றைக்கே எனக்கு 'வாட்ச்மேன் அக்கா' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெண் ஆயக்குடிக்காரி. கொய்யாத் தோப்பு வைத்திருந்தவர் மகள். ஒரு சாக்கு நிறையப் பழம் கொண்டுவந்தாள். பையன்கள் ஒரே நாளில் அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டு அவளுக்கும் 'கொய்யா' என்று பெயர் வைத்தார்கள். தின்றதற்கு நன்றி அப்படி.

முதல் நாள் சாயங்காலம் பேராசிரியர் பிள்ளைகளுக்கு விளக்கியதை நானும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டேன். இந்த மலையில் வெந்நீர் ஊற்று கிடையாது. ஆனால் பாறை வெடிப்பில் தண்ணீர் நிற்கிறது. வெந்நீரோ பச்சைத் தண்ணீரோ, தேடுகிற முறை ஒன்றுதான். நேர்கோட்டில் நான்கு இரும்பு முளைகளை அடித்து, வெளி முளை இரண்டிலும் கரண்டு விட்டு, உள் முளைகளில் எவ்வளவு வருகிறது என்று நடுவில் உட்கார்ந்து மீட்டர் பெட்டியில் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் கரண்டு சுலபமாக ஓடும். வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும். இங்கே பழகித் தேறியவர்களை வடக்கே, நிஜமாகவே வெந்நீர் கொதித்து வருகிற மலைக்குக் கூட்டிப் போவார்கள்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியில் இருப்பவர் "கை எடு" என்று கத்த வேண்டும். இரண்டு முனையிலும் முளையடிக்கிறவர்கள் "எடுத்தாச்சு" என்று திருப்பிக் கத்த வேண்டும். இரண்டு பதிலும் வராமல் கரண்டு விடக் கூடாது. விட்டால் முளையைப் பிடித்திருக்கிறவன் கதி அதோகதி. இப்படி ஒரு நேர்கோட்டை முழுக்க அளந்து முடிப்பது ஒரு லைன். ஆளுக்கு ஒரு லைன். பெட்டியில் தானே உட்கார்ந்து ஒரு லைனை முடிக்காதவர்களுக்குப் பாஸ் கிடையாது.

ஒவ்வொரு நாளும் ஒரு பையன் பெட்டியில் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொல்லும் எண்ணை எழுதினாள். அவள் முறை வந்த நாளில் பேராசிரியர் சரிவு வழுக்கும் என்றார். அடுத்த நாள் காட்டெருமை நிற்கிறது என்றார். பையன்கள் போன நாளில் அந்தக் காட்டெருமை எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை. அப்புறம், பொம்பளைப் பிள்ளை குரல் அந்த முனைக்கு எட்டாது என்றார். அந்த மலையில் பொம்பளைகள் ஒரு சரிவில் நின்று அடுத்த சரிவில் இருப்பவளை விறகுக்குக் கூப்பிடுகிறார்கள். அதை அவரும் தினம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

காலையில் பாத்திரம் கழுவும்போது அவள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இந்த வருஷம் பாஸாகலைன்னா எங்கய்யா நிறுத்திருவாருக்கா. மாப்ள வீட்டுக்காரங்க ஏற்கெனவே வந்து பாத்துட்டுப் போய்ட்டாங்க."

"சார்கிட்டச் சொன்னியா?"

"சொன்னா, உனக்கு நல்லதுதானேம்மாங்கிறாரு."

எனக்குச் சாம்பலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த குண்டானைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. என் படிப்பை நிறுத்தும்போதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

கடைசி லைனுக்கு முந்தைய நாள், ஏற்கெனவே ஒரு தடவை பெட்டியில் உட்கார்ந்த பையனுக்கே அதையும் கொடுப்பதாகப் பேராசிரியர் சொன்னார். மழையில் அவன் லைன் கெட்டுப்போயிற்றாம். அவள் எழுந்து நின்றாள். "சார், எனக்கு?"

அவர் அவளிடம் பேசவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீங்களே சொல்லுங்க. அந்தச் சரிவுல ஒரு பொண்ணு எறங்கி நிக்கலாமா? நின்னா, துணைக்கு வந்த நீங்களும் கூட எறங்கணும். எறங்குவீங்களா?"

"வாட்ச்மேன் அக்கா பின்னாடி பாத்துத்தான் எறங்குவாங்க சார்," என்றான் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் பயத்தை எடுத்து அவள் காலில் கட்டப் பார்க்கிறார் இந்த மனுசன் என்று அப்போதுதான் உறைத்தது. என் பயம் என்னுடையது. அதை வைத்து நான் செத்தாலும் சாவேன், அடுத்தவளைக் கட்டிப்போட இவர் யார்.

"எறங்குறேன் சார்," என்றேன். "ஒரு முனைய நானே பாத்துக்கிறேன்."

எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டதால் அவர் அந்த லைனை அவளுக்கே கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். கீழ் முனை எனக்கு. மேல் முனைக்கு இரண்டு பையன்கள். நடுவில் பெட்டியோடு அவள். நான் உட்கார்ந்து உட்கார்ந்து, புல்லைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். முளையை அடித்து, கரண்டு மண்ணில் இறங்க உப்புத் தண்ணீரை ஊற்றி, கம்பியை மாட்டினேன். கரண்டு என் உள்ளங்கால் வழியாக ஏறிவிடும் என்று நினைத்து, ஒரு பாறைமேல் ஏறி நின்று "எடுத்தாச்சு" என்றேன். மேலிருந்தும் பதில் வந்தது. முளைகளைத் தள்ளித் தள்ளி அடித்தோம். அப்புறம் மேகம் இறங்கியது.

"கை எடு" என்று அவள் குரல் வந்தது. நான் பதில் சொன்னேன். மேலே சத்தமில்லை. மறுபடி கத்தினாள். சத்தமில்லை. மறுபடியும். அவள் குரல் கரகரத்தது. எனக்கோ பையன்கள் விழுந்துவிட்டார்கள், காட்டெருமை முட்டிவிட்டது என்று என்னென்னவோ ஓடியது. முளையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். அவளைத் தாண்டி மேல் முனைக்குப் போனால், இரண்டு பேரும் ஒரு மரத்துக்குப் பின்னால் சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏலே, காது அடைச்சுக் கெடக்கா?"

"கேக்கலக்கா. மேகம் கொரல முழுங்கிருது. சார்தான் சொன்னாருல்ல."

"அவளுக்குக் கீழ இதே தூரத்துல நின்ன எனக்குக் கேட்டுச்சு. ஒங்களுக்குக் கேக்கலியா?"

"ஒங்களுக்குப் பயத்துல காது கூர்மை," என்றான் மற்றவன்.

"சரிப்பா, கேக்க வேணாம். இன்னிக்குச் சாயங்காலம் ஒங்க ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது. நாளைக்கும் கெடையாது. சுத்திக் கடை எதுவும் இருக்கான்னு மேகத்துக்குள்ள தேடிப் பாருங்க."

"வெளையாட்டுக்குக்கா."

"அவ படிப்பு ஒனக்கு வெளையாட்டு. சோறு எனக்கு வெளையாட்டு."

நான் கீழே போய்ச் சேர்ந்தேன். அடுத்த "கை எடு"வுக்கு இரண்டு பக்கமும் பதில் வந்தது.

சாயங்காலம் பேராசிரியர் வந்து, அவள் ஒவ்வொரு அளவுக்கும் தாளில் வைத்திருந்த புள்ளிகளைப் பார்த்தார். எல்லாம் ஒரு வளைவில் அழகாக வந்தன. கடைசி ஒன்று மட்டும் விலகி நின்றது. அதைத் திரும்ப எடுக்கிறேன் என்றாள் அவள். "வேண்டாம். இருட்டப் போகுது. பாவம், அம்மா களைச்சுப் போயிட்டாங்க. ஒரு புள்ளி இல்லாட்டி லைன் முடிஞ்சதா கணக்கில்லை, என்ன செய்யறது," என்றார். பாவமாம். மறுபடியும் என்னைப் பிடித்துத்தான் அவளை இழுக்கிறார்.

"நான் களைக்கல சார்," என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பொய்தான். கம்பியின் இணைப்பு ஈரத்தில் தளர்ந்திருந்தது. துடைத்து இறுக்கினேன். அவள் கத்தினாள், நாங்கள் பதில் கத்தினோம், புள்ளி வளைவில் வந்து உட்கார்ந்தது. பேராசிரியர் "பரவாயில்லை" என்றார்.

அவள் பாஸாகி வடக்கே போனாள். அடுத்த வருஷம் விடுமுறை முடியப்போகிற சமயத்தில் விடுதிக்கு வந்து என்னைப் பார்த்தாள். அரிசியைத் துணியில் முடிந்து வெந்நீர் ஊற்றில் போட்டால் சோறாகிவிடுகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அப்புறம்தான் கேட்டாள்.

"ஏன்க்கா இந்த வருஷம் முகாமுக்கு வரமாட்டேன்னுட்டீங்க?"

"யார் சொன்னது?"

"டிபார்ட்மெண்ட்ல. ஜூனியர்ல ஒரு பொண்ணு சேந்திருந்தாக்கா. துணைக்கு வர்ற அம்மா பயப்படுறாங்க, வரமாட்டேங்கிறாங்க, அதனால பொண்ணக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அவ வேற பாடத்துக்கு மாறிட்டா."

சிஸ்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். யாரும் வரவில்லை, யாரும் கேட்கவில்லை என்றார். அந்த விடுமுறை முழுக்க நான் விடுதியில்தான் இருந்தேன். வடகவுஞ்சிக்குப் போகிற ஜீப் எங்கள் வாசல்வரை வந்து போயிருக்கலாம். நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பயந்துகொண்டே ஏறி உட்கார்ந்திருப்பேன். அந்தப் பிள்ளை பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் இன்றைக்கும் எங்கேயோ இருந்துகொண்டு, ஒரு பயந்தாங்கொள்ளிப் பொம்பளையால்தான் தன் படிப்பு மாறிப்போயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.